நான்கு வெற்றிலை இடம்

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலை உப்பளங்களைத் தாண்டி, பழையகாயல், முக்காணி வழியாகத் தாமிரபரணியைக் கடந்து ஆத்தூருக்குள் நுழைகிறது. துறைமுக லாரிகளுக்கும் உப்பு லாரிகளுக்கும் நடுவே இப்போது பாய்ச்சல் மிகுந்த கார்களும் ஓடுகின்றன. அவற்றின் முதல் டயர்கள் தேய்ந்ததும் சொந்தக்காரர்கள் பலர் செய்வது ஒன்றுதான்: கம்பெனி கொடுத்த அளவை விட்டுவிட்டு பெரிய அலாய் சக்கரம், அகலமான டயர், ஒல்லியான பக்கச்சுவர் என்று மாறுவது. கடைகளில் இதற்கு ‘அப்சைஸ்’ என்று பெயர். இந்தப் பழக்கத்தில் பாதி சரி, பாதி ஆபத்து. எது எந்தப் பாதி என்று பார்க்காமல் பணத்தை நீட்டுகிறோம் என்பதே என் கவலை.

முதலில் ஒரு கணக்கு. 1,200 கிலோ எடையுள்ள காரில் ஒரு சக்கரத்துக்குச் சராசரியாக 300 கிலோ. காற்றழுத்தம் 33 பிஎஸ்ஐ என்றால், டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய 130 சதுர சென்டிமீட்டர். ஆத்தூர்க்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது: கொடிக்காலில் பறித்த ஒரு பெரிய வெற்றிலை அளவு. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த இலையில் நான்கை விரித்தால், காரின் பிரேக்கும் திருப்பமும் நம்பியிருக்கும் மொத்த இடம் அவ்வளவுதான்.

அகலமான டயர் போட்டால் இந்த இலை பெரிதாகும் என்று பலரும் நம்புகிறார்கள். எடையும் காற்றழுத்தமும் மாறாதவரை பரப்பு பெரிதாக மாறாது. நீளவாக்கில் கிடந்த இலை குறுக்குவாக்கில் திரும்புகிறது, அவ்வளவே. காய்ந்த சாலையில் இதனால் நன்மை உண்டு. 205/55 ஆர்16 டயரிலிருந்து 225/45 ஆர்17-க்கு மாறினால் மொத்த விட்டம் 2 மில்லிமீட்டர் அளவே கூடும். பக்கச்சுவரோ 11 மில்லிமீட்டருக்கு மேல் குறையும். சுவர் குட்டையானால் நெளிவு குறையும். ஸ்டியரிங்கைத் திருப்பிய கணமே கார் திரும்பும். இந்தச் சுகம் பொய்யல்ல.

இன்னொரு நன்மையும் நம் ஊருக்கே உரியது. வேகக் கார்களுக்கான கோடைக்கால ரப்பர், ஏறத்தாழ 7 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் விறைத்துப் பிடிப்பை இழக்கும். ஐரோப்பாவில் அதனால் பனிக்காலத்துக்கு வேறு டயர் வாங்குகிறார்கள். தூத்துக்குடிக் கடற்கரையில் அந்தக் குளிர் வருவதே இல்லை. ஆகவே நல்ல ரப்பருக்குக் கொடுக்கும் காசு இங்கே ஆண்டு முழுவதும் உழைக்கும். சிலிக்கா கலந்த ரப்பர் என்றால் ஈரத்திலும் பிரேக் நன்றாகப் பிடிக்கும்.

அகல டயரின் குறை தொடங்குவது மழையில். குறுகலான டயர் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும். அகலமானது அதே நேரத்தில் அதிகத் தண்ணீரை ஒதுக்கித் தள்ள வேண்டும். தள்ள முடியாதபோது டயர் நீர்மேல் மிதக்கும். ஸ்டியரிங் கையில் இருந்தும் இல்லாததாகிவிடும். டயரின் பட்டன், அதாவது வரிப்பள்ளம், தேயத் தேய இந்த ஆபத்து ஏறும். சட்டம் அனுமதிக்கும் கடைசி ஆழம் 1.6 மில்லிமீட்டர், அகல டயரில் அதுவரை காத்திருப்பது புத்திசாலித்தனம் அல்ல. ஆத்தூருக்குத் தெற்கே, இதே சாலையில் உள்ள காயல்பட்டினத்தில் 2023 டிசம்பரில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்த வெள்ளத்துக்கு எந்த டயரும் விடை இல்லை. ஆனால் ஆண்டுதோறும் ஐப்பசி, கார்த்திகையில் சாலையில் விரலளவு தேங்கும் தண்ணீருக்கு விடை உண்டு. அதை நாம் கடையில் நிற்கும்போதே தேட வேண்டும்.

ஒல்லிப் பக்கச்சுவரும் விலை கேட்கும். பாரவண்டிகள் ஓடும் சாலையில் குழி விழுந்தால், அடியைத் தாங்க ரப்பரும் காற்றும் குறைவு. டயர் புடைக்கும், அலாய் வளையும். அடிபட்ட அலாயின் விளிம்பை உப்புக்காற்று அரித்தால், டயர் உட்காரும் இடத்தில் காற்று மெல்லக் கசியும். காற்று குறைந்த டயர் வெயிலில் அதிகம் சூடேறும், மழையில் சீக்கிரம் மிதக்கும்.

இந்த ஆசை பந்தயத் தடத்திலிருந்து வந்தது. அதில் தவறில்லை, சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்திலும் பிறகு இருங்காட்டுக்கோட்டையிலும் வளர்ந்த பெருமை நம்முடையது. ஆனால் பந்தயக்காரர் மழை வந்தால் வழுவழு டயரைக் கழற்றிவிட்டு, வரிப்பள்ளமுள்ள மழை டயரை மாட்டுகிறார். நமக்குச் சித்திரை வெயிலுக்கும் கார்த்திகை மழைக்கும் அதே நான்கு டயர்கள்தான். பாடம் எடுத்துக்கொண்டோம், பாதிப் பாடத்தை.

என் முடிவு இது: பணத்தை ரப்பருக்குக் கொடுங்கள், அகலத்துக்குக் கொடுக்காதீர்கள். கம்பெனி சொன்ன அளவிலேயே, ஈரப்பிடிப்பில் தரம் உயர்ந்த டயராகத் தேர்ந்தெடுங்கள். டயரில் அளவுக்குப் பக்கத்தில் 91வி என்று இருந்தால், 91 என்பது ஒரு டயர் 615 கிலோ தாங்கும் என்பதையும், வி என்பது மணிக்கு 240 கிலோமீட்டர் வேகத்தையும் குறிக்கும். இரண்டையும் குறைக்கக் கூடாது. பக்கச்சுவரில் உள்ள தயாரிப்புக் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கம் 2324 என்றால் 2024-இன் 23-ஆம் வாரம் செய்தது. ஆண்டுக்கணக்கில் கிடங்கில் கிடந்ததைத் தள்ளுபடி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். இரண்டு மட்டுமே வாங்க முடியும் என்றால், முன்சக்கரம் இழுக்கும் காராக இருந்தாலும் புதியவற்றைப் பின்னால் போடச் சொல்லுங்கள். ஈரத்தில் முன்பக்கம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்து மீளலாம். பின்பக்கம் வழுக்கினால் கார் சுழன்றுவிடும், மீட்கப் பயிற்சி பெற்ற கை வேண்டும்.

கடைக்காரர் டயரை உருட்டிக் காட்டும்போது அதன் அழகு கண்ணை நிறைக்கும். அந்த நேரத்தில் முக்காணிப் பாலத்தையும், அதன்மேல் இரவு மழையில் எதிரே வரும் லாரியையும், நம் காருக்குள் தூங்கும் பிள்ளைகளையும் நினைத்துக்கொண்டு தேர்ந்தெடுக்க வேண்டும். அப்போது நம்மைத் தாங்குவது நான்கு வெற்றிலை இடம் மட்டுமே.