நுரை அடங்கினால் போதுமா?

ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையைப் பற்றிய செய்திகளைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். மழை பெய்து மதகுகளைத் திறக்கும்போதெல்லாம் தென்பெண்ணை ஆறு வெண்ணுரை பொங்க ஓடுகிறது. 2024 அக்டோபரில் நந்திமங்கலம் அருகே தரைப்பாலத்தையே நுரை மூடிவிட்டது. ஆற்றில் இறங்க வேண்டாம் என்று மக்களுக்கு ஓர் எச்சரிக்கை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தினர் நீர் மாதிரி எடுத்துச் சென்றதாக ஒரு செய்தி. பெங்களூரிலிருந்து வரும் கழிவே காரணம் என்று ஒரு விளக்கம். பல ஆண்டுகளாக இதே வரிசைதான். சில நாட்களில் நுரை அடங்கும், செய்தியும் அடங்கும். இந்த நடைமுறை சரிதானா என்பதை அறிவியல் கண்கொண்டு சற்றுப் பரிசீலிப்போம்.

முதலில், இந்த நுரை எப்படி உண்டாகிறது? சலவைத் தூளில் உள்ள டிடர்ஜெண்டு மூலக்கூறுக்கு ஒரு தலையும் ஒரு வாலும் உண்டு. தலை நீரை விரும்பும். வால் நீரை வெறுத்து எண்ணெயையும் காற்றையும் நாடும். ஆகவே இம்மூலக்கூறுகள் நீரின் மேற்பரப்பில் வந்து அடுக்கி நின்று, பரப்பு இழுவிசையைக் குறைக்கின்றன. மதகிலிருந்து நீர் விழுந்து காற்றோடு மோதும்போது குமிழிகள் தோன்றுகின்றன. தூய நீரில் அவை உடனே உடைந்துவிடும். இங்கோ மூலக்கூறுகளின் படலம் அவற்றை உடையவிடாமல் காக்கிறது. உங்கள் வீட்டுச் சலவை வாளியில் நடப்பதும் இதுதான்.

அப்படியானால் மழைக்காலத்தில் நீர் பெருகும்போது நுரை குறைய வேண்டுமல்லவா? ஏன் கூடுகிறது? விடை பெங்களூரின் பெல்லந்தூர் ஏரியின் அடியில் இருக்கிறது. நகரத்தின் ஒரு பெரும் பகுதிச் சாக்கடை இந்த ஏரியிலும், அடுத்துள்ள வர்த்தூர் ஏரியிலும் சேர்ந்து, பின் தென்பெண்ணைக்கு வருகிறது. ஆக்சிஜன் கரைந்துள்ள நீரில் டிடர்ஜெண்டைப் பாக்டீரியாக்கள் சிதைத்துவிடும். ஆக்சிஜன் அற்ற சேற்றில் அந்த வேலை ஏறக்குறைய நின்றுபோகிறது. எனவே மாதக்கணக்கில் அது சேற்றில் தேங்குகிறது. பெருமழை சேற்றைக் கலக்கியதும் தேங்கியதெல்லாம் ஒரே மூச்சில் புறப்பட்டு வருகிறது. பெல்லந்தூர் ஏரி 2015லும் 2017லும் தீப்பற்றி எரிந்ததை நினைவுகூருங்கள். நீர்நிலை எரிகிறது என்றால் அதில் இருப்பது நீர் மட்டுமன்று. 2018 டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இந்த ஏரிகளுக்காகக் கர்நாடக அரசுக்கு 50 கோடி ரூபாய் அபராதம் விதித்தது.

ஆக, நுரை ஓர் அறிகுறிதான். காய்ச்சல் இறங்கியதும் நோய் தீர்ந்தது என்று எந்த மருத்துவரும் சொல்ல மாட்டார். நமது நிர்வாகமோ நுரையைக் கண்டால் விழித்துக்கொள்கிறது, அடங்கினால் உறங்கிவிடுகிறது. தில்லியில் 2021ல் யமுனையின் நுரை மீது நீரைப் பீய்ச்சி அதை மறைத்தார்களே, அதுவும் இதே மனப்போக்குத்தான். ஈயமும் காட்மியமும் குரோமியமும் நுரைப்பதில்லை. அவற்றுக்கு நிறமோ மணமோ இருந்தாக வேண்டும் என்பதுமில்லை.

மாதிரி எடுக்கிறார்களே என்று நீங்கள் கேட்கலாம். எடுக்கிறார்கள், எடுக்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு லிட்டரில் எத்தனை மில்லிகிராம் என்ற எண் பாதிக் கதையைத்தான் சொல்லும். பென்சிலை எடுத்துக்கொண்டு ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆற்றில் விநாடிக்கு 500 கனஅடி நீர் ஓடுகிறது. லிட்டருக்கு 10 மில்லிகிராம் மாசு இருக்கிறது. ஒரு கனஅடி 28.3 லிட்டர். ஒரு நாளைக்கு 86,400 விநாடி. பெருக்கினால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 12 டன் மாசு! வெள்ளம் 2,000 கனஅடியாகி, செறிவு 5 மில்லிகிராமாகப் பாதி குறைந்தால் அறிக்கையில் 'நீரின் தரம் மேம்பட்டுள்ளது' என்று எழுதிவிடலாம். ஆனால் அன்று ஆறு சுமந்து வந்தது 24 டன். அணைக்குள் வந்து படிவது இந்தச் சுமைதான், செறிவு அன்று.

படிந்தது எங்கே போகிறது? அணையின் கால்வாய்கள் ஏறத்தாழ 8,000 ஏக்கருக்குப் பாய்கின்றன. களிமண்ணும் மக்கிய பொருளும் உலோக அயனிகளைப் பற்றிக்கொள்ளும் தன்மையுடையவை. கரிமக் கழிவைப் போல உலோகம் அழுகி மறைவதில்லை; பாசனத்துக்குப் பாசனம் கூடிக்கொண்டே போகும். கீரை வகைகள் காட்மியத்தை எளிதில் உறிஞ்சுவது நன்கு அறியப்பட்ட உண்மை. ஆகவே ஆற்று நீரைச் சோதித்து நிறுத்திவிடாமல், அணையின் வண்டலையும் ஆயக்கட்டு மண்ணையும் ஆண்டுதோறும் ஒரே இடங்களில் சோதித்தால்தான் நிலைமை புரியும். ஓசூர் வட்டாரத்து உழவர் நுரைக்கும் நீரைப் பாய்ச்சுவதா, பயிரைக் காயவிடுவதா என்று கரையில் நின்று தாமே முடிவு செய்ய வேண்டியிருக்கிறதே, அந்த முடிவுக்கு உதவும் ஓர் எண்ணையாவது அரசு அவர் கையில் கொடுக்க வேண்டாமா?

இங்கே அஞ்செட்டிப் பக்கம் சற்றுத் திரும்புவோம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓசூர் தென்பெண்ணைப் படுகை. அஞ்செட்டி மலைகளில் விழும் மழையோ காவிரிக்குப் போகிறது. பெங்களூரின் மேற்குப் பகுதிச் சாக்கடை விருஷபாவதி வழியே அர்க்காவதியில் சேர்ந்து, சங்கமத்தில் காவிரியில் கலந்து, அஞ்செட்டிக் காடுகளின் ஓரமாகத்தான் ஒகேனக்கல்லுக்கு வருகிறது. 2013ல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு அங்கிருந்துதான் நீர் எடுக்கிறார்கள். கிருஷ்ணகிரி, தருமபுரி மக்களைப் பாறையிலிருந்து வரும் ஃபுளோரைடு நஞ்சிலிருந்து காக்க வந்த திட்டம் அது. (பெங்களூர் குடிப்பதும் காவிரி நீரே, ஆகவே கெலவரப்பள்ளியில் நுரைப்பதும் ஒரு வகையில் காவிரிதான்!)

அந்த வழியில் அஞ்செட்டி வட்டாரத்தில் உள்ள பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையத்தின் அளவு நிலையம் இருக்கிறது. ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று 2018ல் உச்ச நீதிமன்றம் வகுத்த பங்கு அங்கே கன அடிக் கணக்கில் சரிபார்க்கப்படுகிறது. ஒரு டி.எம்.சி. குறைந்தாலும் தலைநகர் வரை குரல் எழும். தரத்தில் குறைந்தால் என்ன என்பதற்கு அந்தப் பங்கீட்டுக் கணக்கில் இடமில்லை. எனக்கு இதுவே பெரிய குறையாகத் தோன்றுகிறது.

சட்டம் இல்லாமலும் இல்லை. 1974ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, மாநில வாரியங்களிடையே எழும் பிணக்குகளைத் தீர்ப்பது மத்திய வாரியத்தின் கடமை என்கிறது. 2015ல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்தை நாடிய பின்னரே கூட்டு ஆய்வு என்ற பேச்சு எழுந்தது. பத்தாண்டு கடந்தும் நுரை வருகிறது. நொய்யலில், ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவுத் தொட்டியாகிப் பல ஆண்டுகள் சென்றபின், 2011ல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்ல வேண்டி வந்தது. அங்கே மாநில எல்லை என்ற சாக்குக்கூட இல்லை. ஓசூர் நகரத்துக் கழிவுநீரும் தென்பெண்ணைப் படுகையைச் சேர்ந்ததே. அண்டை வீட்டைக் குறைகூறப் போகும் நாம் நம் வீட்டு மடையையும் அளந்து எண்ணைக் கையில் எடுத்துச் செல்வது நல்லது.

செய்யக்கூடிய வேலை அப்படியொன்றும் பெரிதன்று. தென்பெண்ணை தமிழகத்துக்குள் நுழையும் கொடியாளத்தில் நீரோட்டத்தையும் செறிவையும் ஒன்றாக அளந்து, அன்றன்று எத்தனை டன் மாசு எல்லை தாண்டியது என்பதை, அணையின் நீர்மட்டத்தை அறிவிப்பது போலவே தமிழிலும் கன்னடத்திலும் அறிவிக்கலாம்.