வேதாகமத்தின் வெற்றுத்தாள்: சப்பிரகமுவத் தோட்டங்களில் விசுவாசமும் எழுத்தும்

கிறித்தவ விசுவாசத்தைச் சந்ததியினருக்கு எழுதிவைத்தல் பற்றிப் பேசுவோர், தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரையும் (1774–1864) எச். ஏ. கிருஷ்ணபிள்ளையையும் (1827–1900) குறிப்பிடுவதோடு அமைந்துவிடுவர். முன்னவருக்குச் சரபோஜி மன்னரின் ஆதரவு இருந்தது. பின்னவர் வேளாளக் கல்வி மரபில் வந்தவர். இருவரது எழுத்தும் பேணப்பட்டமைக்குப் பக்தி மட்டும் காரணமன்று. வைத்துச்செல்ல வீடும் வாசிக்க ஒரு கூட்டமும் இருந்தன.

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் நிலைமை வேறு. லயக்காம்பிரா தோட்டத்துக்குரியது, வேலை போனால் அதுவும் போகும். ஆதலின் அங்கு கிறித்தவக் குடும்பமொன்று விட்டுச்செல்லும் எழுத்து வேதாகமத்தின் முன்பக்க வெற்றுத்தாளில் அடங்கிவிடுகிறது. கேகாலை மாவட்ட இறப்பர்த் தோட்டமொன்றில் நாம் பார்த்த தாளில் ஞானஸ்நானங்கள், ஒரு விவாகம், மரணங்கள், பிள்ளைகள் விசுவாசத்தை விடலாகாது என்ற இரண்டு வரிப் புத்திமதி. அவ்வளவே.

எழுதியவர் பால் வெட்டியவரல்லர். தோட்டப் பாடசாலையில் படிப்பித்தவர். அவ்வெழுத்தறிவின் சமூகப் பின்னணி கவனிக்கற்பாலது. 1854இல் தொடங்கிய 'தமிழ்க் கூலி மிஷன்' தோட்டத்துரைமாரின் நன்கொடையால் இயங்கியது. (துரைமார் ஆன்மாக்களுக்காக மட்டும் பணம் கொடுத்தனர் என நம்புவோர் நம்பலாம்.) 1869இல் ஆபிரகாம் ஜோசப் வெளியிட்ட 'கோப்பிக் கிருஷிக் கும்மி' நிர்வாகத்தின் கண்கொண்டே தோட்டத்தை நோக்கியது. வெற்றுத்தாளும் அப்பார்வைக்கு முற்றிலும் புறம்பானதன்று. பெரிய கங்காணியிடம் பட்ட கடனோ, 1921இல் ஒழிக்கப்பட்ட துண்டு முறையோ அதில் இல்லை. 1935இன் தொடக்கத்தில் இரு பிள்ளைகளின் மரணம் பதியப்பட்டுள்ளது, காரணம் தேவசித்தம். அம்மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கிய 1934–35 மலேரியாவின் பெயர் எங்கும் இல்லை.

இவ்விடத்தில் நமது முற்போக்கு விமர்சனம் பெரும்பாலும் நின்றுவிடும். மதம் மயக்கியது என்று கூறிப் புத்தகத்தை மூடிவிடும். அது அரைகுறையான முடிவென்பதே எமது கருத்து. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், தந்தைவழி முன்னோர் இந்நாட்டில் பிறந்தமையை நிறுவும்படி கேட்டது. 1949ஆம் ஆண்டுச் சட்டம் தொடர்ச்சியான வதிவிடத்தைக் கேட்டது. ஆண்டும் தோட்டப்பெயரும் கொண்ட எழுத்து அக்குடும்பத்திடம் வேறெதுவும் இருக்கவில்லை. பரலோகக் கணக்குக்காக எழுதப்பட்டது பூலோக அரசின் முன் எடுத்துச்செல்லப்பட்டது. எழுதியவரின் நோக்கம் ஒன்று. வரலாறு அதற்களித்த பணி இன்னொன்று. மார்க்சியர்க்கு இது புதிதாய்த் தோன்றலாகாது.

சி. வி. வேலுப்பிள்ளை முதலியோர் மலையகத்தின் வாய்மொழிப் பாடல்களைத் தொகுத்தனர். அப்பணியின் பெருமை மறுக்கவொண்ணாதது. ஆனால் பாடலே தொழிலாளியின் குரல், எழுத்து மேல்தட்டினது என்ற பிரிவினை அதனுடன் வேரூன்றிவிட்டது. வெற்றுத்தாள்களைத் தேடுவாரில்லை. 1981 ஆகஸ்ட் வன்செயல்களில் இரத்தினபுரி மாவட்ட லயங்கள் எரிந்தபோது இத்தகைய தாள்களும் எரிந்தன. எத்தனையென எண்ண ஒரு பட்டியல்கூட எம்மிடம் இல்லை.

கேகாலைத் தாளில் கடைசிப் பதிவு வேறொரு கையெழுத்து. 1964 ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டுத் தலைமன்னாரில் கப்பலேறிய மகளொருத்தியின் பெயரும் திகதியும் உள்ளன. புறப்பாடுகளுக்கென அத்தாளில் தனிப் பகுதி இல்லாமையால், அவை மரணங்களின் கீழேயே எழுதப்பட்டுள்ளன.