சொல் பெயர்ந்ததும் ஆடல் பெயராததும்: பிரபுதேவாவின் மும்பைப் படங்கள்

திரைப்பட மொழிபெயர்ப்பை ஆராய்வோர் உரையாடலையே பெரிதும் கருத்திற் கொள்கின்றனர். ஆடலோடு கூடிய பாடலை 'உதட்டசைவுக்கு இசைந்த சொல்' என்ற அளவில் ஒதுக்கிவிடுகின்றனர். 'வெற்றி விழா' (1989) படத்தின்வழி நடன அமைப்பாளராக அறிமுகமாகி, 2009 முதல் மும்பையில் இந்திப் படங்களை இயக்கிய பிரபுதேவாவின் பணியை நோக்கின், இவ்வொதுக்கல் பொருந்தாமை புலனாகும். அவர் கொண்டுசென்றவற்றுள் நிலைத்தவை, மொழிபெயர்க்கப்படாத அசைவும் பொருளற்ற ஒலியுமே.

அவர் செல்வதற்கு முன்னரே அவரது ஆடல் அங்குச் சென்றுவிட்டது. ஷங்கர் இயக்கிய 'காதலன்' (1994) தெலுங்கில் 'பிரேமிகுடு' என நேர்பொருளில் வழங்கிற்று. இந்தியிலும் 'பிரேமி' என்னும் சொல் உண்டு. எனினும் இந்தியாக்கியோர் அதனை விடுத்து, 'எங்களோடு போட்டி' என்று பொருள்படும் 'ஹம்ஸே ஹை முகாப்லா' என்பதைத் தலைப்பாக்கினர். இத்தலைப்பு 'முக்காலா முக்காபுலா' பாடலை நினைந்து இடப்பட்டது என்பது வெளிப்படை.

இச்சொல்லின் பயணம் மொழியியலார் சற்றே நின்று நோக்கத்தக்கது. 'முகாபலா' என்னும் அரபுச் சொல்லில் பகரத்துக்கும் லகரத்துக்கும் இடையே உயிர் உண்டு. இந்திப் பேச்சில் அவ்வுயிர் மறைந்து 'முகாப்லா' ஆகிறது. தமிழ்ப் பாடலோ அவ்விடத்தில் ஓர் உகரத்தை நிறுத்துகிறது. உயிர்களுக்கு இடைப்பட்ட தனிக் ககரம் தமிழில் நெகிழ்ந்து ஒலிக்குமாதலின், வல்லொலியைக் காக்க அது இரட்டிக்கிறது. 'முக்காபுலா' இங்ஙனம் பிறந்தது. 'முக்காலா' என்பது பொருளற்ற துணை. 'புலி கிலி' போன்ற எதிரொலிச் சொற்களில் பொருளற்ற பகுதி பின்னே வரும். இங்கோ முன்னே வந்துள்ளது. தமிழ் ஒலிமரபுக்கு இசைந்த இவ்வடிவம் பின்னர் இந்திக்கே திரும்பியது. கடன் கொடுத்த மொழி, வட்டியோடு திரும்பப் பெற்றது போலும்! தாராவி, மாட்டுங்கா, செம்பூர்த் தமிழர் வீட்டில் தமிழும் வெளியில் இந்தியும் மராத்தியும் வழங்குபவர். இரு வடிவங்களையும் ஒருங்கே கேட்கவல்ல இவர்களிடம் களஆய்வு நிகழ்த்துதல் பயனுடையதாகும்.

மும்பையில் அவர் இயக்கிய முதற் படம் 'வான்டட்' (2009). பூரி ஜெகந்நாத்தின் தெலுங்குப் 'போக்கிரி' (2006) கதையை ஏற்கெனவே தமிழில் (2007) எடுத்தவர், மீண்டும் இந்தியில் எடுத்தார். ஐதராபாத் சென்னையாகி, சென்னை மும்பையாகியது. ஊர்ப்பெயரன்றி வேறொன்றும் ஆழமாக மாறவில்லை. தமிழிலும் இந்தியிலும் இயக்குநரே ஒரு பாடலில் தோன்றி ஆடிச் செல்கிறார். படம் உயிர்பெறுவது அங்கேதான்.

'ரௌடி ரத்தோர்' (2012) இன்னும் தெளிவான சான்று. 'விக்ரமார்க்குடு' (2006) என்ற தெலுங்கு மூலத்தின் 'ஜிந்தாத்தா' இந்தியில் 'சிந்தா தா' என ஓரொலி திரிந்து வழங்குகிறது. பொருளில்லாத சொல்லுக்கு மொழிபெயர்ப்பு எதற்கு? பரதம் பயின்றவர் பிரபுதேவா. சொற்கட்டுக்கு அகராதிப்பொருள் இன்றேனும் அடவை ஆள்வது அதுவே என்பதை அவர் நன்கு அறிவார்.

ஆயின் பெயராமற் சென்றவை எல்லாம் போற்றத்தக்கவையல்ல. விரும்பாத பெண்ணைத் தொடர்ந்து வற்புறுத்துவதைக் காதலெனக் காட்டும் தென்னகத் திரைவழக்கமும் 'ஆர்... ராஜ்குமார்' (2013) வரை திருத்தமின்றிச் சென்றது. உரையாடலை எழுதுவோர் மாற்றியிருக்கக் கூடியது அது, மாற்றவில்லை. 'ஆக்‌ஷன் ஜாக்சன்' (2014) படத்தில் ஆடல் நீங்கலாக நினைவில் நிற்பது எதுவுமில்லை.

பிறர் இயக்கத்தில் அவர் நடித்த நடனப் படங்களே இவற்றினும் மேலானவை. ரெமோ டிசோசாவின் 'ஏபிசிடி' (2013) படத்தில் தம் நடனக் குழுவினின்று வெளியேற்றப்பட்டு, எளிய இளைஞர்களைக் கொண்டு புதுக்குழு அமைக்கும் ஆசானாக வருகிறார். அவர் பேசும் இந்தியைவிட அவர் நிற்கும் நிலையே பாத்திரத்தைச் சொல்லிவிடுகிறது. அதே இயக்குநரின் 'ஸ்ட்ரீட் டான்சர் 3டி' (2020), இலண்டனில் குடியேறிய தெற்காசிய இளைஞரைப் பற்றியது. அதில் பழைய பாடல் புதுக்கப்பட்டு, இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பின் அவரே ஆடுகிறார். புதிய பாடலின் பெயர் 'முகாப்லா'. தமிழ் நிறுத்திய உகரம் அங்கில்லை. அவர் ஏற்ற பாத்திரத்தை மட்டும் ஏனையோர் 'அண்ணா' என்றே அழைக்கின்றனர்.