உடுவில் விடுதியும் எரிக்சன் கொள்கையும்

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பது நம்மவர் பழமொழி. வியன்னா நகரத்து மருத்துவர் சிக்மண்ட் புரொயிட் கூறியதும் இதுவே என மேடைகளிற் பலர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். அஃது அத்துணைப் பொருத்தமன்று. பழமொழி பயிற்சியைப் பற்றியது. வளைப்பார் ஒருவர் உளர். வளைக்கப்படுவது ஒன்று உண்டு. புரொயிட் கூறியதோ வேறு. தாயின் மடியிலும் தந்தையின் முன்னிலையிலும் பிள்ளை ஐந்தாறு வயதிற்குள் கொண்ட ஆசையும் அச்சமும் மறக்கப்பட்ட பின்னரும் அழிவதில்லை. உள்ளே நின்று, அவன் அறியாமலே அவனுடைய பிற்கால வாழ்வை நடத்துகின்றன என்பது அவர் துணிபு. தந்தையின் கண்டிப்பு வெளியே ஓய்ந்த பின்னும் உள்ளே ஒரு குரலாய்க் குடியிருக்கும். மனச்சான்று என நாம் வழங்குவதன் பெரும்பகுதி அவர் கருத்தில் அக்குரலே.

இக்கொள்கையை உரைத்துப் பார்க்கும் கல்லொன்று நம் ஊரிலேயே உண்டு. சுன்னாகத்தை அடுத்த உடுவிலிலே, 1824ஆம் ஆண்டில், அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஹரியற் வின்சிலோ அம்மையார் பெண்பிள்ளைகளுக்கென ஒரு விடுதிப் பாடசாலையைத் தொடக்கினார். (தமிழ்–ஆங்கில அகராதியை 1862இல் வெளியிட்ட மைரன் வின்சிலோவின் மனைவியார் இவர்.) அதற்கு முந்திய ஆண்டில் வட்டுக்கோட்டையில் ஆண்பிள்ளைகளுக்குச் செமினறி தொடங்கியிருந்தது. பகற்பாடசாலைகள் ஊர்தோறும் இருக்கவும் விடுதி எதற்கு? காலையிற் கற்பித்ததை மாலையில் வீடு அழித்துவிடுகின்றது என்பது மிஷனரிமாரின் கவலை. ஆதலின் பிள்ளையை வீட்டினின்றும் பிரித்து எடுத்தனர். பத்து வயதும் நிரம்பாத சிறுமியர் பலர் அவ்வாறு சென்றனர். உணவும் உடையும் மிஷன் கொடுத்தது. தொடக்க காலத்தில், கிறித்தவரை மணந்தவர்க்குச் சீதனமுங் கொடுத்தது. ஒரு பிள்ளையின் செலவை ஏற்ற அமெரிக்க அன்பரின் பெயரையோ, அவர் விரும்பிய பெயரையோ அப்பிள்ளைக்கு இடுவதும் வழக்கமாயிற்று.

புரொயிட் சொல்வது உண்மையாயின் மிஷனரிமார் காலந்தாழ்த்தே வந்தனர் என்றல்லவா கொள்ள வேண்டும்? ஏழு வயதுச் சிறுமி வேலியைக் கடந்து விடுதிக்குள் நுழையும்போதே வீடும் அவளுக்குள் இருந்து உடன் நுழைந்துவிடுகின்றது. முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்து இட்ட பெயர், ஏடு தொடக்கிய நாளில் பெரியவர் ஒருவர் மடியில் இருத்தி விரலைப் பிடித்து அரிசியில் எழுதுவித்த முதலெழுத்து, பேரம்மா சொன்ன கதை, நெற்றியிற் பூசிய திருநீற்றின் மணம் ஆகிய இவற்றை எந்தப் பாடசாலையும் வாசலில் வாங்கி வைத்துக்கொள்ள முடியாது.

ஆயினும் வரலாறு அவ்வளவு எளிதாகப் புரொயிட்டுக்குச் சார்பாகவும் இல்லை. வட்டுக்கோட்டையிற் பயின்ற மூவரை நோக்குக. ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை கிறித்தவராகவே வாழ்ந்து, 1886இல் பாவலர் சரித்திர தீபகத்தை நமக்குத் தந்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராகிய கறோல் விசுவநாதபிள்ளை கிறித்தவ சார்பில் நின்று வாதிட்டுப் பின்னர்ச் சைவத்துக்கு மீண்டார். வில்லியம் நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை தொடங்கிய பாடசாலையோ பின்னர் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியாக வளர்ந்தது. நம் சைவக் கல்வியின் முதற் பக்கத்திலேயே ஓர் அமெரிக்கரின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கின்றது என்பதை இம்மலரைப் படிப்போர் நினைவிற் கொள்வாராக. விடுதி ஒன்று, வழி மூன்று. மடி மட்டுமே மனிதனை முடிவு செய்யுமாயின் இவ்வேறுபாட்டுக்கு ஒவ்வொருவர் மடியையும் தனித்தனி ஆராய வேண்டும். அதற்குரிய சான்று எங்கும் எஞ்சவில்லை.

இவ்விடத்தில் நமக்குத் துணை வருபவர் எரிக் எரிக்சன். வியன்னாவில் அன்னா புரொயிட்டிடம் பயின்று, 1933இல் அமெரிக்காவுக்குச் சென்றவர். 1950இல் வெளிவந்த பிள்ளைப்பருவமும் சமுதாயமும் என்னும் பொருளுடைய நூலில், மனித வாழ்வை எட்டுப் பருவங்களாக வகுத்தார். நம்பிக்கை மடியிற் பிறக்கின்றது என்பதில் அவர் புரொயிட்டைப் பின்பற்றுகின்றார். ஆனால் ஆளுமை அங்கே முடிந்துவிடுவதில்லை என்பது அவர் சேர்த்த புதுமை. பள்ளிப் பருவத்தில் செய்தொழிற்றிறன், குமரப் பருவத்தில் தன்னடையாளம் என அது வளர்ந்து செல்கின்றது. தன்னடையாளம் என்பது ஒருவன் தன்னைத் தொடர்ச்சியுடைய ஒருவனாக உணர்வது மாத்திரமன்று. அவனை அவ்வாறே பிறரும் ஏற்றுக்கொள்வதுமாகும். அந்த ஏற்பு இல்லையேல் உள்ளுணர்வு தளரும் என்றார். பெயரைப் பற்றி அவர் எழுதியது ஏட்டுக் கல்வியன்று. தந்தை யாரென்று அறியாது வளர்ந்து, மாற்றாந் தந்தையின் ஹொம்பேர்கர் என்னும் பெயரைப் பூண்டு, 1939இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றபோது எரிக்சன் என்று தாமே தமக்குப் பெயரிட்டுக்கொண்டவர் அவர்.

எரிக்சன் 1930களின் இறுதியில் தென் டக்கோட்டாவிற் சூ என்னும் பழங்குடியினரிடையே சென்று, அரசினர் விடுதிப் பாடசாலைகளிற் பயின்ற பிள்ளைகளைக் கண்டார். அங்கே அவர் கண்டது ஒரு வகைச் சோர்வு. பிள்ளைகள் எதிர்ப்பதுமில்லை, இசைவதுமில்லை. இச்செய்தியை உடுவிலோடு ஒப்பிடுதல் தகும். ஏனெனில் யாழ்ப்பாணத்துக்கு வந்த அதே அமெரிக்க மிஷன் சங்கமே 1817இலிருந்து செரோக்கி மக்களிடையேயும் பாடசாலை நடத்திப் பிள்ளைகளுக்கு அன்பர்களின் பெயரை இட்டது. முறை ஒன்று, ஆனால் உடுவிலிலும் வட்டுக்கோட்டையிலும் விளைந்தது சோர்வன்று, ஊக்கம். இடம்பெறாத பிள்ளைகள் திரும்பிச் சென்ற காலமும் பின்னர் வந்தது. காரணம் யாது?

எரிக்சனின் விளக்கத்திலேயே விடை இருக்கின்றது என்பது என் கருத்து. சூ மக்களின் வாழ்வு காட்டெருமையை நம்பியது. அவ்விலங்கு அழிக்கப்பட்டபோது வீடு பிள்ளைக்குத் தரக்கூடிய எதிர்காலமும் அழிந்தது. பள்ளி தந்த திறனை மதிக்கும் ஊரும் அவர்க்கில்லை. யாழ்ப்பாணத்தில் தோட்டமும் காணியும் கோயிலும் குலைந்து போகவில்லை. ஆங்கிலம் கற்றவனுக்கு உத்தியோகம் கிடைத்தது. கற்ற பெண்ணுக்கு நல்ல மணம் அமைந்தது. விடுதி கொடுத்ததை வீடும் ஏற்றது. புரொயிட் மடியைப் பார்த்தார். எரிக்சன் மடிக்கு அப்பால் உள்ள முற்றத்தையும் பார்த்தார். உடுவிலை விளங்கிக்கொள்ள முற்றமே வேண்டும்.

ஆனால் எரிக்சனிடத்தும் குறை உண்டு. ஒருவனுக்கு ஒரு பெயர், ஒரு தொடர்ச்சி என்னும் எண்ணம் அவர் எழுத்தில் ஆழ ஊறியிருக்கின்றது. நம் வீடுகளிற் பிள்ளைக்குப் பெயர் என்றும் ஒன்றாயிருந்ததில்லை. சாதகத்தில் ஒன்று, பள்ளியிடாப்பில் ஒன்று, வீட்டில் அழைக்கும் பெயர் ஒன்று. முன்னெழுத்தாகத் தந்தையின் பெயர் வேறு. ஆர்னல்ட் என்பதும் நெவின்ஸ் என்பதும் அந்த முன்னெழுத்தின் இடத்திலேயே சென்று அமர்ந்துகொண்டன. சதாசிவம்பிள்ளை சதாசிவம்பிள்ளையாகவே இருந்தார். நெவின்ஸ் என்பதோ மகன் செல்வதுரைக்கும் இறங்கி, ஒரு குடும்பப் பெயராகவே ஆயிற்று. குழப்பம் வரும் என்று கொள்கை எதிர்பார்த்த இடத்தில் நம்மவர் பெயரைச் சேர்த்து எழுதித் தம் அலுவலைப் பார்த்தனர்.

இவ்வளவில் மகிழ்ந்து நின்றுவிடலாகாது. மேற்சொன்னவர் எல்லாரும் ஆண்கள். மிஷன் அறிக்கைகளில் உடுவிற் பெண்கள் பெரும்பாலும் புதுப்பெயராலேயே வருகின்றனர். அதன் பின்னே ஒரு சதாசிவம்பிள்ளை நிற்பதில்லை. 1968இல் வெளியான நூலொன்றில், இளம்பெண்ணின் தன்னடையாளத்தில் ஒரு பகுதி, வரப்போகும் கணவனுக்கும் பிள்ளைக்கும் இடம்வைத்துக் காத்திருக்கின்றது என எரிக்சன் எழுதினார். பெண்ணறிஞர் பலர் இதனைக் கண்டித்தனர்; கண்டித்தது தகும். ஆயினும் சீதனங் கொடுத்து மணமுடித்து வைத்த விடுதி அதே எண்ணத்திலேயே நடந்தது என்பதையும், அதனைத் தலைமை தாங்கி நடத்தியவர் மணமே செய்துகொள்ளாதவர் என்பதையும் ஒருங்கே வைத்து நோக்குதல் வேண்டும். எலிசா அக்னியூ அம்மையார் 1840இல் வந்து, தாய்நாடு திரும்பாமலே 1883இல் இங்கே மறைந்தார். ஆயிரம் பெண்மக்களின் தாய் எனப் புகழப்பட்டார். தாயினின்றும் பிரித்த விடுதி தாயொருத்தியைத் தானே ஆக்கிக்கொண்டது. பிரிவின் துயரை ஆராய்ந்த ஜோன் போல்பி இதனைக் கண்டிருப்பின், நிலைத்து நின்ற ஒருவரின் அன்பே பிள்ளைகளைக் காத்தது என்று கூறியிருத்தல் கூடும். நாற்பதாண்டு ஒரே முகம் வாசலில் நின்றது சிறு செய்தியன்று.

சைவர் இதற்கு விடையாக என் செய்தனர்? பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் அயலிலுள்ள மருதனார்மடத்திற் பெண்களுக்குக் கல்லூரி நிறுவினார். அதுவும் விடுதியோடு கூடியதே. சமயம் மாறியது, பிள்ளையை வீட்டினின்றும் பிரித்தே கற்பித்தல் வேண்டும் என்னும் எண்ணம் மாறவில்லை. மிஷனைக் குறைகூறும் நம்மவர் இதனைப் பேசுவதில்லை.

உடுவில், இணுவில், சுன்னாகம் ஆகிய ஊர்களிலிருந்து நம் கல்லூரிக்கு வரும் மாணவர்க்கு ஒரு வேலை உண்டு. வீட்டுப் பெட்டகங்களிற் பழைய சாதகவோலைகளும் உறுதிகளும் சில இல்லங்களிலேனும் இருக்கும். விடுதிக்குச் சென்ற பூட்டியொருத்தியின் தமிழ்ப் பெயர் அவற்றில் எழுதப்பட்டிருப்பின், அதனை அவளுடைய அமெரிக்கப் பெயருக்கு எதிரே ஓர் ஏட்டிற் பதிந்து வைக்கலாம்.