முகப்பும் வளவும்

வீட்டைப் பற்றி எழுதுவது விமர்சனமாகுமா என்று சிலர் கேட்கலாம். ஆகும் என்பதே என் அபிப்பிராயம். நாவலைப் போலவே வீட்டுக்கும் ஒரு கட்டுக்கோப்பு உண்டு. யாரை மனத்தில் வைத்துக் கட்டினார்கள், எங்கே மனசு திறந்து பேசினார்கள், எங்கே ஜம்பம் பேசினார்கள் என்பதெல்லாம் தூணிலும் நிலையிலும் எழுதியிருக்கும். படிக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

பெரம்பலூர், அரியலூர்ச் சீமைக்காரன் ஒருவன் செட்டிநாட்டுக்குப் போனால் அவனுக்கு முதலில் வருவது பொறாமை. எங்கள் பக்கத்திலும் பெரிய மனிதர்கள் இருந்தார்கள். அரியலூரில் மழவராயர்கள், உடையார்பாளையத்தில் காலாட்கள் தோழ உடையார் வம்சத்தார். ஆனால் பார்ப்பதற்கு இன்று என்ன மிச்சம்? பெரம்பலூருக்கு வடக்கே ரஞ்சன்குடிக் கோட்டை தொல்பொருள் இலாகாவின் பாதுகாப்பில் இருக்கிறது. சந்தா சாகிபும் முகமது அலியும் ஆளுக்கொரு வெள்ளைக்காரனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு 1751-ல் மோதியதைக் கண்ட கோட்டை அது. மதிலும் அகழியும் மிஞ்சிய அளவுக்கு மனிதர் வாழ்ந்த சுவடு மிஞ்சவில்லை. உடையார்பாளையம் அரண்மனையோ பெரும்பகுதி சிதைந்து போயிற்று.

கானாடுகாத்தானில் அப்படியில்லை. அண்ணாமலைச் செட்டியார் 1912-ல் கட்டிய அரண்மனை தெருவை அடைத்துக்கொண்டு கம்பீரமாக நிற்கிறது. பின்னால் செட்டிநாட்டு ராஜா என்று பட்டம் பெற்றவர் அவர். அந்த ஒரு வீடு மட்டுமல்ல, சுற்றியுள்ள ஊர்களிலும் தெருத் தெருவாக மாளிகைகள். பர்மாத் தேக்கில் தூண், இத்தாலியச் சலவைக் கல்லில் தரை, பெல்ஜியம் கண்ணாடி, இங்கிலாந்து இரும்பு. சுவரிலே பதித்த பூ ஓடுகளில் பல ஜப்பானிலிருந்து வந்தவை. இத்தனை தேசத்தையும் ஒட்டி நிறுத்தியது மட்டும் உள்ளூர்ச் சுண்ணாம்பு. கடுக்காயும் கருப்பட்டியும் முட்டை வெள்ளைக் கருவும் சேர்த்து அரைத்து இழைத்த சுவரில் இன்றும் முகம் பார்க்கலாம்.

அந்த ஜப்பான் ஓட்டைச் சற்று நின்று பார்க்க வேண்டும். இங்கிலாந்துக்காரர்கள் செய்துவந்த பளபளப்பான ஓட்டைப் பார்த்து ஜப்பானியர் தாங்களும் செய்யக் கற்றுக்கொண்டார்கள். முதல் உலகப் போரில் ஐரோப்பியச் சரக்கு தடைப்பட்டபோது கீழ்த்திசைச் சந்தை அவர்கள் கைக்கு வந்தது. வாங்குகிறவன் யார் என்று பார்த்து, நம்முடைய தெய்வங்களின் உருவத்தையே ஓட்டில் வார்த்து அனுப்பினார்கள். ஆங்கிலேயன் தொழில், ஜப்பானியன் கை, நம் சாமி! இதைக் கலப்படம் என்று முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆத்தங்குடியில் இந்த வந்தேறி ஓடுகளைக் கண்டவர்கள் சும்மா இருந்துவிடவில்லை. கண்ணாடித் தகட்டின்மேல் வர்ணக் கலவையை ஊற்றி, உள்ளூர் மணலைச் சேர்த்துத் தங்களுக்கென்று ஒரு ஓட்டைச் செய்து, அதைத் தொழிலாகவே ஆக்கிக்கொண்டார்கள். இரவல் வாங்கியது சொந்தமாகிற வழி இதுதான். நாவல் என்ற உருவமும் தமிழுக்கு இப்படி வந்ததுதானே?

குறை வேறு இடத்தில் இருக்கிறது. டோக்கியோவில் மிட்சுபிஷி கம்பெனியின் அதிபர் இவாசாகி ஹிசாயாவின் மாளிகை ஒன்றுண்டு. ஜோசையா காண்டர் என்ற ஆங்கிலேயச் சிற்பி வரைந்து 1896-ல் முடிந்த மேல்நாட்டு மாளிகை. அதை ஒட்டியே மரத்தாலான ஜப்பானிய வீடும் கட்டினார்கள். விருந்தாளிகளுக்கு மேல்நாட்டு மாளிகை. குடும்பம் குடியிருந்தது பாய் விரித்த வீட்டில். செட்டிநாட்டு வீட்டிலும் இதே பிரிவினைதான். முகப்பிலும் கூடத்திலும் லண்டனும் இத்தாலியும். நடைவாசலைத் தாண்டி வளவுக்குள் காலை வைத்தால் முழுக்கத் தமிழ்நாடு.

வளவுதான் இந்த வீட்டின் இலக்கியம். நடுவே வானம் பார்த்த முற்றம், நாலு புறமும் தாழ்வாரம், அதை ஒட்டி வரிசையாக அறைகள். கலியாணமான ஒவ்வொரு மகனும் ஒரு தனிப் புள்ளி. அவனுக்கென்று அறை உண்டு, அடுப்பும் உண்டு, வரவு செலவும் உண்டு. ஆனால் கூரை ஒன்று, முற்றம் ஒன்று, நல்லது கெட்டது ஒன்று. கூட்டுக் குடும்பம் உடையாமலும் இருக்க வேண்டும், மருமகள்களுக்குள் உரசலும் வரக்கூடாது என்ற பெரிய சிக்கலை ஒரு கொத்தனார் செங்கல்லால் தீர்த்து வைத்திருக்கிறார். நூறு பக்கம் எழுதியும் நம்மில் பலர் தீர்க்காத சிக்கல் அது.

இன்று பாதுகாக்கப்படுவது எது? முகப்பு. புகைப்படத்துக்கு நிற்பதும் சினிமாக்காரர்கள் தேடி வருவதும் முகப்பைத்தான். சில வீடுகள் விடுதிகளாகியிருக்கின்றன. அதனால் அவை பிழைத்தன, சந்தோஷம். பிழைக்காதவற்றின் தூணையும் கதவையும் அண்டாவையும் காரைக்குடியின் பழஞ்சாமான் கடைகளில் விலை கேட்கலாம்.

இந்த வீடுகள் ஏன் வெறிச்சோடின என்பதில் ஒரு கொடுமை இருக்கிறது. இவற்றைக் கட்டிய பணத்தில் பெரும்பங்கு பர்மாவில் விளைந்தது. 1942-ல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்தபோது நகரத்தார் பெட்டகங்களைப் போட்டுவிட்டு ஓடிவர நேர்ந்தது. சுதந்திரம் பெற்ற பர்மா 1948-ல் நிலத்தைத் தேசவுடைமையாக்கச் சட்டம் செய்தது. எந்த நாட்டின் ஓடு சுவரில் சிரித்ததோ அந்த நாட்டின் துப்பாக்கிதான் வீட்டின் அஸ்திவாரத்தை அசைத்தது. ஓடு மட்டும் இன்னும் நிறம் மங்காமல் இருக்கிறது.

இப்போது உடையார்பாளையத்துக்குத் திரும்பலாம். ஜமீன் ஒழிப்புச் சட்டமும் 1948-ல்தான் வந்தது. அரண்மனை சிதைந்தது, பயறணீசுவரர் கோவிலும் காண்டீப தீர்த்தமும் நிற்கின்றன. ஆனாலும் அந்தச் சமஸ்தானம் சாகவில்லை என்று நான் சொல்வேன். உ.வே. சாமிநாதையர் 'என் சரித்திர'த்திலும், கனம் கிருஷ்ணையரைப் பற்றி எழுதிய புத்தகத்திலும் அதைக் குடிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். கச்சி யுவரங்கரின் ரசனை, அவரிடம் ஏற்பட்ட மனத்தாங்கலைக்கூட நாயகி பாவத்தில் பதமாகப் பாடிய வித்துவானின் ரோஷம், அரியலூர்த் தெருவில் தமிழ் படிக்க அலைந்த சிறுவன், எல்லாம் அங்கே உயிரோடு இருக்கின்றன. சுவர் போயிற்று, வாழ்க்கை நின்றது.

செட்டிநாட்டில் சுவர் நிற்கிறது. வளவில் மழை பெய்தபோது சார்ப்புத் தண்ணீரைப் பிடிக்க யார் அண்டா எடுத்து வைத்தார்கள், எந்த அறையில் எந்த மருமகள் பர்மாக் கடிதத்துக்காகக் காத்திருந்தாள் என்பதைத் தேக்குத் தூண் சொல்லாது. அதைச் சொல்லக்கூடிய ஆச்சிமார்கள் சிலர் இன்னும் இருக்கிறார்கள். கல்லைக் காப்பாற்ற இலாகா உண்டு, பணக்காரர் உண்டு, பிரயாணி உண்டு. சொல்லைக் காப்பாற்றும் வேலை எழுத்தாளனுடையது. அதற்கு மான்யம் கிடையாது, தவணையும் கிடையாது. அடுத்த முறை அந்தப் பக்கம் போகிறவர்கள் முகப்பை ஐந்து நிமிஷம் பார்த்தால் போதும். வளவில் உட்கார இடம் கொடுத்தால், பேசுகிற கிழவியிடம் ஒரு மணி நேரம் காது கொடுங்கள்.