தண்ணீர் வந்த வழியே ஒரு நாள்

பழனிசெட்டிபட்டி தடுப்பணைக்கு விடிகாலையில் போய் நில்லுங்கள். ஆள் நடமாட்டம் தொடங்கியிருக்காது. அணையைத் தாண்டி விழும் தண்ணீரின் இரைச்சல் மட்டும் கேட்கும். மேற்கே மலைத்தொடர் நீலச் சுவராக நிற்கும். பாதி நாட்கள் அதன் தலை மேகத்துக்குள்தான் இருக்கும். குனிந்து ஆற்றில் கையை வையுங்கள். மணிக்கட்டு வரை நனையட்டும். அந்த வெதுவெதுப்பை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு நீங்கள் மூன்று இடங்களில் இப்படிக் கை நனைக்கப் போகிறீர்கள். இது முதல் இடம்.

மலையேற்றம் என்றதும் நமக்கு உச்சிதான் நினைவுக்கு வருகிறது. எத்தனை கிலோமீட்டர் நடந்தோம், எவ்வளவு நேரத்தில் ஏறினோம், மேலே போய் என்ன படம் எடுத்தோம் என்று கணக்குப் பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறோம். பல வருடங்கள் நானும் அப்படித்தான் ஏறினேன். போடி மலைகளில் திரும்பத் திரும்ப நடந்த பிறகுதான் ஒன்று பிடிபட்டது. இந்த மலையில் பார்க்க வேண்டியது தண்ணீரை. நம் வயலுக்கு வரும் தண்ணீர் எந்த ஓடையிலிருந்து வந்தது, அந்த ஓடை எந்த மரத்தடியில் ஊறியது என்று தேடிக்கொண்டே ஏறினால், வழியில் கிடக்கும் கல்லுக்கும் நிற்கும் மரத்துக்கும் கடந்துபோகும் மேகத்துக்கும் காரணம் விளங்கத் தொடங்கும். அந்த விளக்கம்தான் ரசனை.

இரண்டு ஆறுகள், ஒரு மலை

தடுப்பணையில் விழுவது முல்லைப் பெரியாறு. அரபிக் கடலுக்குப் போக வேண்டிய தண்ணீர் இது. பென்னிகுயிக் கட்டிய அணை 1895-ல் திறக்கப்பட்டபோது, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே திரும்பியது. கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களை நனைத்துக்கொண்டு பழனிசெட்டிபட்டிக்கு வருகிறது.

கொட்டக்குடி ஆற்றின் கதை வேறு. குரங்கணிக்கு மேலே மலை மடிப்புகளில் பிறந்து, போடி வழியாக வந்து, தேனிப் பக்கத்தில் முல்லைப் பெரியாற்றோடு சேர்கிறது. அதை யாரும் குடைந்து கொண்டுவரவில்லை, வழி திருப்பவும் இல்லை. மலை தானாகத் தருகிற தண்ணீர். இரண்டும் சேர்ந்து வைகைக்குள் போய், 1959-ல் திறக்கப்பட்ட வைகை அணையில் தங்கி, மதுரைக்காரர்களின் குடத்துக்கும் போகின்றன. இன்றைக்கு நாம் பின்தொடரப் போவது கொட்டக்குடி ஆற்றை. மலை எப்படித் தண்ணீர் தருகிறது என்பதை அதில்தான் கலப்பில்லாமல் பார்க்க முடியும்.

புறப்படும் முன்

பழனிசெட்டிபட்டியிலிருந்து போடி சுமார் 15 கிலோமீட்டர். போடியிலிருந்து குரங்கணி ஏறக்குறைய இன்னொரு அவ்வளவு தூரம். ஆனால் நினைத்த நாளில் காட்டுக்குள் நுழைந்துவிட முடியாது; நுழையவும் கூடாது. 2018 மார்ச் 11 அன்று இந்த மலைச்சரிவில் பிடித்த காட்டுத் தீயில் மலையேற வந்தவர்களில் 23 பேர் உயிரிழந்தார்கள். காய்ந்த புல் எவ்வளவு வேகமாக எரியும் என்பதை அன்று தமிழ்நாடே பார்த்தது. அதன் பிறகுதான் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் தொடக்கத்தில் 40 பாதைகள் இருந்தன. குரங்கணி–சாம்பலாறு பாதை அவற்றில் ஒன்று. ஆன்லைனில் பதிவு செய்தால் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டியோடு அழைத்துப் போவார்கள். தீ பிடிக்கும் கோடை மாதங்களில் பாதையை மூடிவிடுவார்கள். அந்த நாட்களில் குறுக்கு வழி கேட்டு யாரையும் தொந்தரவு செய்யாதீர்கள்.

நல்ல பருவம், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த டிசம்பர் கடைசியும் ஜனவரியும். ஓடையில் தண்ணீர் இருக்கும், வானமும் தெளிந்திருக்கும். ஈரம் மிச்சமிருக்கும் இடங்களில் அட்டை ஏறும். ஒரு துணியில் உப்பு முடிந்து வைத்துக்கொண்டால் போதும். மதியத்துக்கு எலுமிச்சைச் சாதமோ புளியோதரையோ வாழை இலையில் கட்டிக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் வேண்டாம். பளிச்சென்ற நிறத்தில் உடையும் வேண்டாம்.

கல்லில் காது வையுங்கள்

குரங்கணியில் ஆற்றுப்படுகையில் இறங்கியதும் யானைக்குட்டி அளவுப் பாறைகள் கிடக்கும். எல்லாம் மழமழவென்று உருண்டிருக்கும். கீழே சமவெளியில் ஆற்று மணலாகக் கிடப்பது இந்தப் பாறைதான் என்பதை நினைவில் வையுங்கள். இடையில் இருக்கும் முப்பது கிலோமீட்டரும், எத்தனையோ வெள்ளங்களும்தான் பாறையை மணலாக்கின.

தண்ணீர் குறைந்த ஒரு ஜனவரியில், “ஓடை வத்திப் போச்சே” என்றேன். கூட வந்த இளைஞர் சிரித்தார். “வத்தலண்ணே. கீழ போகுது. இந்தக் கல்லுல காது வச்சுப் பாருங்க” என்று ஒரு பாறையைக் காட்டினார். முட்டி போட்டுக் காதை வைத்தேன். முதலில் கல்லின் குளிர்ச்சிதான் தெரிந்தது. பிறகு, ஆழத்தில் யாரோ குடத்தில் தண்ணீர் மொள்வதுபோல் களக் களக் என்று ஒரு சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. நான் நின்ற காய்ந்த படுகைக்கு அடியில் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து, எந்தப் படுகையில் இறங்கினாலும் முதலில் காதைத்தான் வைக்கிறேன்.

ஓடைக்கரையில் நீர்மருதும் நாவலும் புங்கனும் நிற்கும். அவற்றின் வேரைப் பாருங்கள். பாறையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கரையைக் காக்கின்றன. காலை நேரமென்றால், ஒரு பையன் பாட்டு மறந்துபோய் சீட்டி அடிப்பதுபோல் ஒரு சத்தம் கேட்கலாம். அது சீகாரப் பூங்குருவி. ஓடும் தண்ணீரை விட்டு அதிக தூரம் போகாத பறவை. அந்தச் சீட்டி வரும் திசையில் ஓடை இருக்கிறதென்று நம்பலாம்.

இங்கே இரண்டாம் முறை கை நனையுங்கள். வெதுவெதுப்பு போய்விட்டிருக்கும்.

மனிதர் நடந்த பாதை

படுகையை விட்டு ஏறினால் இலவமும் மாவும் வரும். போடி இலவம் பஞ்சுக்குப் பெயர் போன ஊர். அதற்கும் மேலே சில்வர் ஓக் நிழலில் காபிச் செடிகள், மரத்தைச் சுற்றிய மிளகுக் கொடிகள். ஜனவரியில் காபிப் பழம் சிவந்திருக்கும். தோட்டத்தில் வேலை செய்பவரிடம் கேட்டு ஒன்றை வாயில் போட்டுப் பாருங்கள். தோல் லேசாகத் தித்திக்கும். காபியின் வாசனையே இருக்காது. அந்த வாசனை வறுபடும்போதுதான் பிறக்கிறது.

இந்த மலைக்கிராமங்களுக்கு மூட்டைகள் காலங்காலமாகக் கழுதையிலும் குதிரையிலும்தான் ஏறி இறங்கின. மணிச்சத்தம் கேட்டால் பாதையில் மலைப் பக்கமாக ஒதுங்கி நில்லுங்கள். பள்ளத்துப் பக்கம் நின்றால் மூட்டை இடித்து விழுந்துவிடுவீர்கள். நிமிர்ந்து பார்த்தால் டாப் ஸ்டேஷன் இருக்கும் முகடு தெரியும். ரயில் நிலையம் இல்லாத இடத்துக்கு எப்படி இந்தப் பெயர் வந்தது? மூணாறு தேயிலை ஒரு காலத்தில் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலில் அங்கே வந்து, கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு இந்தப் பள்ளத்தாக்கின் மேலாக இறங்கி, போடி வழியாகத் துறைமுகத்துக்குப் போனது. வழியில் இருந்த இடம் சென்ட்ரல் ஸ்டேஷன். ரயிலை 1924 வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. பெயர்கள் மட்டும் மலையில் தங்கிவிட்டன.

குட்டை மரங்களின் அருமை

ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி வெப்பம் குறையும். பழனிசெட்டிபட்டி கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 300 மீட்டர் உயரம். டாப் ஸ்டேஷன் 1,700 மீட்டர். அந்த உயரத்தில் மரங்கள் நெடுநெடுவென்று வளர்வதில்லை. காற்று அவற்றைக் குனிய வைக்கிறது. கிளைகள் முறுக்கிக்கொள்கின்றன. தலைகள் ஒன்றோடொன்று நெருங்கிக் குடை மாதிரி மூடிக்கொள்கின்றன. இதுதான் சோலை.

அனுமதியுள்ள பாதை எந்த உயரத்தில் முடிகிறதோ, அங்கே நின்று மேலே பாருங்கள். வெளிர்பச்சைப் புல்வெளிக்கு நடுவே, மலையின் மடிப்புகளில் மட்டும் கரும்பச்சையாகத் திட்டுத் திட்டாகத் தெரிவது சோலைகள். உள்ளே நின்று பார்க்க ஆசையிருந்தால், இன்னொரு நாள் போடிமெட்டு ஏறி மூணாறு வழியாக டாப் ஸ்டேஷன் பக்கத்திலுள்ள பாம்பாடும் சோலைக்குப் போகலாம். அது கேரள வனத்துறையின் பாதுகாப்பில் உள்ள தேசியப் பூங்கா.

சோலைக்குள் போனதும் தூரத்தைப் பார்க்காதீர்கள். ஒரே ஒரு அடிமரத்தை எடுத்துக்கொண்டு ஐந்து நிமிடம் பாருங்கள். பட்டை எங்கே இருக்கிறதென்றே தெரியாது. பச்சைப் பாசி மெத்தை. அதில் குத்தி நிற்கும் பெரணி. கிளைக் கவட்டில் ஆர்க்கிட். சாம்பல் நிறத்தில் சுருண்ட ஓரங்களோடு ஒட்டியிருக்கும் இன்னொன்று. அந்தச் சாம்பல் நிறம் உங்களுக்கு முன்பே தெரியும். நம் அடுக்களையில் கறிக்குழம்புக்குத் தாளிக்கும் கல்பாசியும் இந்த வகையறாதான். பாசி மெத்தையின் மேல் உள்ளங்கையை மெதுவாகப் பதியுங்கள், பிய்க்காமல். எடுக்கும்போது கை நனைந்திருக்கும். மழை பெய்து பல நாளாகியிருக்கலாம். அது மேகம் விட்டுப்போன ஈரம். மேகம் கடக்கும்போது இலையும் பாசியும் அதை வழித்து எடுத்துச் சொட்டுச் சொட்டாக மண்ணில் விடுகின்றன.

இதே வேலையை உலகின் மறுகோடியில் வேறொரு மரம் செய்கிறது. ஆஸ்திரேலியாவின் பனிமலைகளில் ‘ஸ்நோ கம்’ என்றொரு யூகலிப்டஸ் உண்டு. பனியின் பாரத்தில் முறுக்கிய உடல். நனைந்தால் பச்சையும் சந்தனமும் சிவப்புமாகப் பளிச்சிடும் பட்டை. அதன் இலைகளும் மூடுபனியைப் பிடித்துத் தண்ணீராக்கி அந்த நாட்டு ஆறுகளுக்குத் தருகின்றன. ஆனால் அதே குடும்பத்துத் தைல மரத்தை 1843 முதல் நீலகிரியிலும், பிறகு மூணாறு மலைகளில் தேயிலைத் தொழிற்சாலை விறகுக்காகவும் நட்டார்கள். புல்வெளியில் தைல மரம் நட்டால் ஓடைநீர் குறைகிறது என்று நீலகிரியில் நடந்த நீண்டகால ஆய்வுகள் காட்டின. மரத்தின் மேல் பிழையில்லை. பிறந்த மலையில் அது தாய். வந்த மலையில் விருந்தாளி. டாப் ஸ்டேஷன் பக்கம் வரிசை பிடித்தாற்போல் நேராக நிற்கும் தைல மரத் தோப்பையும், கோணல்மாணலாக நிற்கும் சோலையையும் அடுத்தடுத்துப் பாருங்கள். தோப்புக்குள் தரை வறண்டு சருகாகக் கிடக்கும். சோலைக்குள் கால் அமிழும்.

புல்லும் காடும் பிரியும் கோடு

இன்னொன்றையும் தவறவிடாதீர்கள். சோலை முடிந்து புல்வெளி தொடங்கும் இடம், கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும். நடுவில் புதர்கூட இருக்காது. யாரோ காட்டை அழித்துவிட்டார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. திறந்த சரிவில் குளிர்கால உறைபனி மரக்கன்றுகளைக் கருக்கிவிடும், புல் தாக்குப்பிடிக்கும். மடிப்பில் மண் ஆழமும் ஈரமும் அதிகம். அங்கே மரம் பிழைக்கிறது. பல்லாயிரம் ஆண்டுகளாக இருவரும் எல்லை போட்டுக்கொண்டு வாழ்கிறார்கள். புல் மழையை வாங்கி மண்ணுக்குள் அனுப்புகிறது. சோலை தேக்கி வைத்துச் சிறுகச் சிறுக விடுகிறது. வரையாடு மேய்வதும் குறிஞ்சி பூப்பதும் அந்தப் புல்வெளியில்தான். மூணாறு மலைகளில் நீலக்குறிஞ்சி பரவலாகப் பூத்தது 2018-ல், அடுத்து 2030-ல் எதிர்பார்க்கலாம்.

மூன்றாவது முறை

இன்றைய பாதைக்கே திரும்புவோம். சோலை மடிப்பிலிருந்து நேராக இறங்கும் சிற்றோடை ஒன்றை வழிகாட்டி காட்டுவார். விரல் பருமன்தான் இருக்கும். அதில் கையை வையுங்கள். பத்து எண்ணுவதற்குள் விரல் எலும்பு வலிக்கும். மழை நின்று மாதக்கணக்கான பிறகும் வந்துகொண்டிருக்கும் தண்ணீர் இது. எங்கும் கொட்டி முழங்காமல், பாசிக்கு அடியிலிருந்து கசிகிறது. ஆற்றின் பிறப்பு இவ்வளவு சத்தமில்லாமல் இருக்கும் என்று நான் எதிர்பார்த்திருக்கவில்லை. முதல் முறை பார்த்தபோது வெகுநேரம் அங்கிருந்து எழ மனம் வரவில்லை.

இறங்கும்போது அவசரப்படாதீர்கள். ஏறும்போது மலையைப் பார்த்தீர்கள். இறங்கும்போது சமவெளியைப் பாருங்கள். தூரத்தில் பச்சைக் கட்டங்களாக வயல், வெள்ளிக் கோடாக ஆறு. ஒவ்வொரு கட்டத்துக்கும் பின்னால் பாசி படிந்த ஒரு மடிப்பு இருக்கிறதென்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

மாலையில் பழனிசெட்டிபட்டி திரும்பியதும் நேராக வீட்டுக்குப் போய்விடாதீர்கள். ஆற்றங்கரைக்குப் போய் மறுபடி கையை நனையுங்கள். காலையில் தொட்ட அதே வெதுவெதுப்புதான். ஆனால் மேலே விரல் எலும்பு வலித்த இடத்தை உங்கள் கை மறந்திருக்காது. அந்தக் குளிர் எத்தனை கல்லுக்கு அடியில் ஓடி, எத்தனை வேரைத் தொட்டு, சூடேறி இந்த ஆற்றோடு வந்து சேர்கிறது என்று எண்ணிக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருங்கள். அன்றைய நடை அங்கேதான் நிறைவடைகிறது.