கம்பும் வெறுங்கையும்

யப்பானியத் தற்காப்புக் கலைகளைப் பற்றித் தமிழில் பேசப் புகுவோர் பெரும்பாலும் போதிதருமரில் தொடங்குகின்றனர். அவரிலேயே முடித்தும் விடுகின்றனர். காஞ்சியிலிருந்து சென்ற இளவரசர் சீனத்துச் சாவோலின் மடத்துத் துறவியருக்குப் போர்க்கலை கற்பித்தார், அதுவே பின்னர் கராத்தேயாயிற்று என்பது இவர்தம் வாதம். 2011ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஏழாம் அறிவு’ திரைப்படம் போதிதருமர் கதையைப் பட்டிதொட்டியெங்கும் பரப்பியது. டிக்கோயாத் தோட்டத்துப் பிள்ளைகளும் அதனை இன்று வரலாறாகவே ஒப்புவிக்கின்றனர்.

இவ்வாதத்தின் வலுவை முதலில் நோக்குவோம். போதிதருமரைக் குறிப்பிடும் மிகப் பழைய சீன நூல் கி.பி. 547 அளவில் யாங் சுவான்சி எழுதியது. அது அவரைப் பாரசீகத்தவர் என்கிறது. தென்னிந்தியர் என்னும் செய்தி தான்லின் என்பாரின் குறிப்பில் உண்டு. ஆயின் இரண்டிலும் போர்க்கலை பற்றி ஒரு சொல்லேனும் இல்லை. அவர் பெயரால் வழங்கும் உடற்பயிற்சி நூல் பதினேழாம் நூற்றாண்டினது. அவ்வுரிமைக் கதை ஆதாரமற்றதெனச் சீன ஆய்வாளர் தாங் ஹாவோ 1930களிலேயே காட்டிவிட்டார். ஒரு கலையின் பிறப்புரிமைக்காக வழக்காடும் நாம், அது எவ்வாறு வளர்ந்தது எனக் கேட்க மறந்துவிட்டோம். நமக்குப் பயன்படும் பாடமோ அவ்வளர்ச்சியிலேதான் உள்ளது.

1876ஆம் ஆண்டு யப்பானிய அரசு சாமுராய்கள் வாளேந்துவதைத் தடை செய்தது. போர்க்குடியினரின் கலைகள் ஆதரவிழந்தன. அந்நிலையில், 1882இல், கானோ ஜிகோரோ என்னும் இளைஞர் தோக்கியோவில் ஒரு கோவிலின் 12 பாய் விரித்த அறையில் 9 மாணவருடன் ஜூடோவைத் தொடங்கினார். பழைய ஜூஜுட்சுவின் உயிராபத்தான அடிகளைக் ‘காத்தா’ எனப்படும் ஒழுங்கமைந்த வடிவங்களுக்குள் பேணி, எறிதலையும் பிடித்தலையும் எவரும் அஞ்சாது பழகத்தக்க பயிற்சியாக்கினார். இவர் பின்னாளில் ஆசிரிய கலாசாலை அதிபராக நெடுங்காலம் பணியாற்றியவர். கராத்தேயின் வரலாறும் இத்தகையதே. 1879இல் யப்பான் தன்னுடன் இணைத்துக்கொண்ட ஒக்கினாவாத் தீவில் மறைவாகப் பயிலப்பட்ட அக்கலையை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தோசு அங்கோ எளிய வடிவங்களாக்கிப் பாடசாலைக்குள் கொண்டுவந்தார். அவர் மாணாக்கரும் பாடசாலை ஆசிரியருமான புனகோஷி கிச்சின், 1922இல் தோக்கியோவில் அதனை அரங்கேற்றி, அவ்வாண்டே நூலாகவும் எழுதினார். மறைபொருளாயிருந்தது பாடமாயிற்று, சிலர் உடைமை பலர் உடைமையாயிற்று. இது முற்போக்கான மாற்றம் என்பதில் நமக்கு ஐயமில்லை.

எனினும் இம்மாற்றத்தை நாம் கண்மூடிப் போற்றுவதற்கில்லை. பாடசாலைக்குள் புகுந்த கலையை அரசு தன் படைக்கருவியாக்கிற்று. 1931இல் ஜூடோவும் வாட்பயிற்சியும் நடுநிலைப் பள்ளிகளில் கட்டாய பாடங்களாயின. ‘சீனக் கை’ எனப் பொருள்பட எழுதப்பட்ட கராத்தே, 1936இல் நாஹா நகர்க் கூட்டத்தில் ‘வெறுங்கை’ என்னும் பெயரை முறையாக ஏற்றது. மறு ஆண்டே யப்பான் சீனத்தின்மீது முழுப்போர் தொடுத்தது. 1945இன் தோல்விக்குப்பின் நேசநாடுகளின் ஆட்சி இக்கலைகளைப் பாடசாலைகளிலிருந்து விலக்கியது. பின்னர் அவை விளையாட்டாக மீண்டன. 1964இல் ஜூடோவும், 2021இல் நடந்த தோக்கியோப் போட்டியில் கராத்தேயும் ஒலிம்பிக் அரங்கேறின. புள்ளிக்காக ஆடும் ஆட்டத்தில் காத்தாவின் பொருள் தேய்கிறதென்னும் குறை இன்றும் கேட்கிறது. ஆகவே வடிவத்தை எளிதாக்குவது மட்டும் போதாது. யாருக்காக, எதற்காக என்னும் வினாவும் உடன்வர வேண்டும்.

இக்கலைகள் கடல் கடந்த வழியொன்று மலையகத்தவராகிய நமக்கு மிக நெருக்கமானது. 1900ஆம் ஆண்டு 26 ஒக்கினாவாத் தொழிலாளர் ஹவாய்க் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்றனர். அவர்களைப் பின்தொடர்ந்து சென்றோருடன் கராத்தேயும் சென்றது. 1934இல் மியாகி சோஜுன் என்னும் ஆசான் அங்கு சென்று கற்பித்தார். அவ்வாறே மலாயாத் தோட்டங்களுக்கும் இம்மலைகளுக்கும் தமிழ்த் தொழிலாளருடன் சிலம்பம் வந்தது. லயத்து வாசலிலும், தப்பு முழங்கும் அம்மன் திருவிழாவிலும் அது வாழ்ந்தது. சிலம்பத்தின் காலடி வரிசைகளும் குத்துவரிசையும், காத்தாவைப்போலவே, எழுத்தறியா மக்கள் உடம்பில் எழுதி வைத்த நூல்கள். தமிழ்நாட்டில் 2024 ஜனவரியில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் சிலம்பம் காட்சிப் போட்டியாயிற்று. இங்கோ, கம்பெடுத்தவன் கூலிக்காரன் என்பதால் அவன் கலையையும் ஏளனமாகப் பார்க்கும் கண் படித்தவரிடம் இன்னும் மாறவில்லை. அதே கண் போதிதருமரைக் கண்டதும் பெருமிதத்தால் விரிகிறது. இளவரசன் என்றால் நம்மவன், தொழிலாளி என்றால் நாட்டான் என்னும் இம்மனப்பான்மையை நாம் வன்மையாகக் கண்டிக்க வேண்டும்.

கானோவும் புனகோஷியும் ஆசிரியர்களாக இருந்தமை தற்செயலன்று. கலையை வரிசைப்படுத்தி அடுத்த தலைமுறைக்குத் தருதல் ஆசிரியர் தொழில். அத்தொழிலைச் செய்யும் நாம் நம் தோட்டத்து முதிய வாத்தியார்களிடம் சென்று, ஒவ்வொரு அடியையும் அதன் பெயரோடும் பொருளோடும் குறித்துக்கொள்ள வேண்டும். ஆண், பெண், சாதி என்னும் வேறுபாடின்றிப் பாடசாலை முற்றத்தில் அதனைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டும். அவர்கள் மறைந்தபின் எழுதுவதற்கு இரங்கலுரை தவிர வேறொன்றும் எஞ்சாது.